மெட்ரோசிடெரோஸ் மரங்கள்: பெயரும் வகைப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாயின் ஓஹியா லெஹுவா, நியூசிலாந்தின் போஹுட்டுகாவா, ராட்டா ஆகியவை எல்லாம் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. செடி ஆர்வலர்களிடம் இவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எப்படி வளர்ப்பது என்று கேட்பவர்கள் குறைவு. “இதுக்கு ஏன் இத்தனை பேர்? ஏன் மாத்திக்கிட்டே இருக்காங்க?” என்பதுதான் பெரும்பாலோர் கேட்பது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மெட்ரோசிடெரோஸ்னா ஒரு மரமா, இல்ல மரக்கூட்டமா?

கூட்டம். தாவரவியலில் இதைப் பேரினம் என்பார்கள். இதற்குள் சுமார் 60 இனங்கள் இருக்கின்றன. நாவல், கொய்யா, கிராம்பு, தைலமரம் இவை அடங்கிய மிர்ட்டேசி குடும்பம்தான் இதற்கும். நாவலுக்கும் கொய்யாவுக்கும் சதைப்பழம். இதற்குக் காய்ந்து வெடிக்கும் சிறு காய். உள்ளே மிக நுண்ணிய விதைகள், காற்றில் பறந்து போகும்.

பூவில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு இதழ்களுடையது அல்ல. இதழ்கள் சின்னவை. கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள்தான் அந்த நிறத்தைத் தருகின்றன.

ஹவாயில மட்டும்தானே இருக்கு?

இல்லை. இனங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் நியூ கலிடோனியாதான் முதலிடம். நியூசிலாந்தில் 12 இனங்கள். ஹவாயில் 5. ஃபிஜி, சமோவா, தாஹிட்டி, மார்க்கேசாஸ், சாலமன் தீவுகள், நியூ கினி, பிலிப்பைன்ஸ், ஜப்பானுக்குத் தெற்கே போனின் தீவுகள் என்று பசிபிக் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. தெற்கே, தென் ராட்டா மரம் நியூசிலாந்துக்குத் தெற்கே இருக்கும் ஆக்லாந்து தீவுகள் வரை போகிறது. அங்கே கடுங்குளிரும் ஓயாத காற்றும்தான். அதிலும் காடாக நிற்கிறது.

பசிபிக்கை விட்டு வெளியேயும் இரண்டு உண்டு. ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஆற்றோரங்களில் வளரும் மெட்ரோசிடெரோஸ் அங்கஸ்டிஃபோலியா. இன்னொன்று சிலியில், அது தனிக் கதை, கீழே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இயற்கையாக வளரும் இனம் இன்று ஒன்றும் இல்லை. குயின்ஸ்லாந்து மரம் ஒன்று இந்தப் பேரினத்தில் இருந்தது. 1993-ல் அதைத் தலேரோப்பியா என்ற புதுப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடலுக்குள் இருக்கும் லார்ட் ஹோவ் தீவில் இரண்டு இனங்கள் உண்டு.

எங்க வீட்டு வாசல்ல இருக்குற பாட்டில் பிரஷ் மரம் இதுதானே? பூ அப்படியே இருக்கே!

இல்லை, ஆனால் தப்பாக நினைத்த முதல் ஆள் நீங்கள் இல்லை. 1794-ல் வில்லியம் கர்ட்டிஸ் பாட்டில் பிரஷ் செடி ஒன்றுக்கு வைத்த பெயரே மெட்ரோசிடெரோஸ் சிட்ரினா. பிறகு ராபர்ட் பிரவுன் 1814-ல் காலிஸ்டெமன் என்ற பேரினத்தை உண்டாக்க, அது அங்கே போனது. இப்போது சிலர் அதையும் மெலலூக்காவில் சேர்க்கிறார்கள். மகரந்தத் தாள்களை மட்டும் பார்த்து வகைப்படுத்திய காலத்தின் விளைவு இது. அந்த நாளில் ஆஸ்திரேலிய மரங்கள் பலவும் இப்படி உள்ளே வந்து, பிறகு வெளியேறியவைதான்.

வித்தியாசம் பார்ப்பது எளிது. பாட்டில் பிரஷில் இலைகள் மாறி மாறி இருக்கும். பூக்கள் தண்டைச் சுற்றி ஒட்டியிருக்க, அந்தத் தண்டு பூவைத் தாண்டியும் துளிர்விட்டு வளரும். காய்கள் கட்டை போலத் தண்டிலேயே வருஷக்கணக்கில் இருக்கும். மெட்ரோசிடெரோஸில் இலைகள் எதிரெதிராக இருக்கும். பூக்கள் பெரும்பாலும் கிளை நுனியில் கொத்தாக வரும். காய் மூன்றாக வெடித்து விதையை விட்டுவிடும்.

நியூசிலாந்துல ராட்டா எதுன்னு கேட்டா ஒருத்தர் மரத்தைக் காட்டுறார், ஒருத்தர் கொடியைக் காட்டுறார். யார் சொல்றது சரி?

இரண்டு பேரும். அங்கிருக்கும் 12 இனங்களில் ஆறு மரம் அல்லது குறுமரம், ஆறு கொடி. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வடக்கு ராட்டா, தென் ராட்டா போன்ற மரங்களை ராட்டா என்கிறார்கள். ஆங்கிலத்தில் கொடிகளுக்கும் அந்தப் பெயர் சேர்ந்துகொண்டது. குழப்பத்துக்கு இன்னொரு காரணம், வடக்கு ராட்டா மரமே பெரும்பாலும் வேறொரு மரத்தின் உச்சியில் தொற்றித்தான் முளைக்கும். அங்கிருந்து வேர்களைக் கீழே இறக்கி, நம் ஆலமரமும் அரசமரமும் பனைமேல் முளைப்பது போலவே, காலப்போக்கில் தானே பெருமரமாகிவிடும். கீழே தொங்கும் அந்த வேரைப் பார்த்துக் கொடி என்று நினைப்பவர்கள் நிறைய.

ஹவாயிலும் இதே சிக்கல் உண்டு. ஓஹியா லெஹுவா என்றால் மெட்ரோசிடெரோஸ். ஓஹியா ஆய் என்றால் மலாய் ஜாம்புப் பழ மரம், அதாவது நாவலின் சொந்தக்காரன். வெறும் ஓஹியா என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் முதலாவதுதான்.

பேரு “ஓஸ்”னு முடியுதே, ஆண்பால்தானே? அப்புறம் ஏன் எக்செல்சா, ரொபஸ்டா, பாலிமார்ஃபா?

லத்தீனில் மரப் பெயர்களைப் பெண்பாலாக நடத்துவது பழைய மரபு. தாவரவியல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

போஹுட்டுகாவா பேருக்குப் பின்னாடி “சோல். எக்ஸ் கேர்ட்ன்.”னு ஏதோ இருக்கே, அது என்ன?

பெயர் வைத்தவர்களின் சுருக்கம். 1769-ல் குக்கின் எண்டெவர் கப்பல் தாஹிட்டிக்கும் நியூசிலாந்துக்கும் போனபோது தாவரவியலாளர்களான ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சோலாண்டரும் அதில் இருந்தார்கள். அள்ளி அள்ளிச் சேகரித்தார்கள். சோலாண்டர் ஒவ்வொன்றுக்கும் பெயரும் விவரணையும் எழுதிவைத்தார். ஆனால் அச்சில் வரவில்லை. 1782-ல் சோலாண்டர் இறந்துபோனார்; பேங்க்ஸுக்கு வேறு வேலைகள். லண்டனில் அந்தச் சேகரிப்பைப் பார்த்த ஜெர்மானியர் யோசஃப் கேர்ட்னர், 1788-ல் காய்களையும் விதைகளையும் பற்றிய தன் நூலில் அந்தப் பெயர்களைப் பதிப்பித்தார்.

எழுதிவைத்தால் மட்டும் போதாது, பதிப்பித்தால்தான் செல்லும் என்பது தாவரங்களுக்குப் பெயரிடும் விதி. அதனால் மெட்ரோசிடெரோஸ் எக்செல்சாவுக்குச் சட்டப்படி உரியவர் கேர்ட்னர். முதலில் யோசித்தவர் சோலாண்டர். “எக்ஸ்” என்பது அந்த இருவரையும் இணைக்கும் சொல். பேரினத்தின் பெயரும் அப்படியே: பேங்க்ஸ் எக்ஸ் கேர்ட்னர். சோலாண்டருக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனால் விதியைத் தளர்த்தினால் யார் வேண்டுமானாலும் தாத்தாவின் டைரியைக் கொண்டுவந்து உரிமை கொண்டாடலாம்.

சில பேருல அடைப்புக்குறி இருக்கு, சிலதுல இல்ல. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. தாஹிட்டி மரமான மெட்ரோசிடெரோஸ் கொலினாவைப் பாருங்கள். குக்கின் இரண்டாம் பயணத்தில் போன ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும் அதை லெப்டோஸ்பெர்மம் என்ற வேறு பேரினத்தில்தான் வைத்தார்கள். 1854-ல் அமெரிக்கரான ஏசா கிரே அதை மெட்ரோசிடெரோஸுக்கு மாற்றினார். அதனால் அடைப்புக்குறிக்குள் ஃபார்ஸ்டர்கள், வெளியே கிரே. நிலப் பத்திரத்தில் தாய்ப்பத்திரத்தைக் குறிப்பிடுவார்களே, அதே வேலையைத்தான் இந்த அடைப்புக்குறி செய்கிறது.

அடைப்புக்குறி இல்லை என்றால் அந்த இனம் பிறந்ததிலிருந்து அதே பேரினத்தில் இருக்கிறது என்று அர்த்தம். போஹுட்டுகாவா அப்படிப்பட்டது.

பழைய நியூசிலாந்து புத்தகத்துல போஹுட்டுகாவாவுக்கு டோமென்டோசான்னு போட்டிருக்கு. அது வேற மரமா?

அதே மரம்தான். பிரெஞ்சுக்காரரான அஷீல் ரிஷார் 1832-ல் அதற்கு மெட்ரோசிடெரோஸ் டோமென்டோசா என்று பெயர் வைத்தார். இலையின் அடிப்புறம் வெள்ளை ரோமம் படர்ந்திருப்பதால் பொருத்தமான பெயர்தான். நெடுநாள் அதுவே புழங்கியது. ஆனால் மேலே சொன்ன கேர்ட்னரின் எக்செல்சா 1788. முந்தியது எதுவோ அதற்கே முன்னுரிமை. பொருத்தம், அழகு, பழக்கம் எதையும் விதி பார்ப்பதில்லை.

அப்படின்னா 1763-லயே நானின்னு ஒரு பேரு இருந்ததாமே? முந்தினதுக்குத்தான் முன்னுரிமைன்னா இந்தக் கூட்டத்துக்கே நானின்னுதானே பேரு இருக்கணும்?

சரியான கேள்வி. பிரெஞ்சு தாவரவியலாளர் மிஷெல் அடான்சன் 1763-ல் நானி என்ற பேரினப் பெயரைப் பதிப்பித்தார். விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் 1788-ன் மெட்ரோசிடெரோஸ் தோற்றுவிடும். பசிபிக் முழுக்கப் பல பத்து இனங்களின் பெயர்களை மாற்ற வேண்டியிருக்கும்.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே விதிக்குள் ஒரு விலக்கு இருக்கிறது: காக்கப்பட்ட பெயர். சர்வதேசத் தாவரவியல் மாநாடு ஒப்புக்கொண்டால், பிந்திய பெயர் ஒன்றை முந்தியதற்கு எதிராகக் காப்பாற்றலாம். மெட்ரோசிடெரோஸ் அப்படிக் காக்கப்பட்டது. முந்தைய பதிலில் விதி கறாரானது என்றேனே, அந்தக் கறாரை எப்போது தளர்த்தலாம் என்பதையும் விதியே சொல்கிறது. தனி ஆள் முடிவெடுக்க முடியாது.

“மெட்ரோசிடெரோஸ் வேரா”ன்னா உண்மையான மெட்ரோசிடெரோஸ்னு அர்த்தமாம். அதைத்தானே மூல மரமா எடுத்துக்கணும்?

எடுத்துக்கொள்ள முடியாது. அது இந்தப் பேரினத்திலேயே இல்லை! இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் உள்ள அம்போன் தீவில் வாழ்ந்த தாவரவியலாளர் ரும்ஃபியஸ் 17-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கெட்டி மரம் ஒன்றை மெட்ரோசிடெரோஸ் என்று எழுதினார். இரும்பு போன்ற வைரம் பாய்ந்த மரம் என்ற பொருளில். அவர் நூல் அச்சானது 1741 முதல் 1750 வரை. தாவரப் பெயர்களுக்கான கணக்கு தொடங்குவதோ லின்னேயஸின் 1753-லிருந்து. அதனால் ரும்ஃபியஸ் வைத்த பெயருக்குச் சட்ட மதிப்பு கிடையாது. வேரா என்று பின்னால் பெயர் பெற்ற அந்த மலுக்கு மரம் இன்று சாந்தோஸ்டெமன் பேரினத்தில் இருக்கிறது.

ஒரு பேரினத்தின் பெயர் எந்த இனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை வகைமாதிரி தீர்மானிக்கும். இங்கே அது கேர்ட்னர் மெட்ரோசிடெரோஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்று அழைத்தது. நாம் இப்போது கொலினா என்கிற அதே தாஹிட்டி மரம். நாளைக்குப் பேரினம் எத்தனையாக உடைந்தாலும், தாஹிட்டி மரம் இருக்கும் துண்டுக்குத்தான் இந்தப் பெயர். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இரும்புமரம் என்ற பெயர் உலகத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. இலங்கையின் தேசிய மரமான நாகமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். உறவு எதுவும் இல்லை.

ஹவாயில மலைமேல ஒரு அடி உயரப் புதர், கீழ பெரிய மரம், ரெண்டுக்கும் ஒரே பேரா? நம்பவே முடியல.

நம்பித்தான் ஆக வேண்டும். 1819-ல் யுரானி என்ற பிரெஞ்சுக் கப்பலில் ஹவாய்க்கு வந்த தாவரவியலாளர் கோடிஷோ, 1830-ல் இதற்கு பாலிமார்ஃபா, அதாவது பல உருவம் கொண்டது என்று பெயர் வைத்தார். அதைவிடப் பொருத்தமான பெயர் தாவரவியலில் குறைவு. (திரும்பும் வழியில் அந்தக் கப்பல் ஃபாக்லாந்து தீவில் உடைந்தது, சேகரிப்பில் ஒரு பகுதி போயிற்று.) கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வரை, புது எரிமலைப் பாறையிலும் சதுப்பிலும் மழைக்காட்டிலும் இதே இனம்தான் நிற்கிறது.

1990-ல் தாவரவியலாளர்கள் ஜான் டாசனும் லானி ஸ்டெம்மர்மனும் பாலிமார்ஃபாவுக்குள் எட்டு வகைகளை, அதாவது இனத்துக்குக் கீழான உட்பிரிவுகளை, ஏற்றார்கள். இலையில் ரோமம் உண்டா, இலை எவ்வளவு பெரியது, காம்பு நீளமா என்பதை வைத்துப் பிரித்தார்கள். ரோமமுள்ள இன்கானா புதிய லாவாப் பாறையில் முதலில் வந்து குடியேறும். வழவழப்பான க்ளாபெரிமா பழைய மண்ணில் முதிர்ந்த காட்டில் இருக்கும். நியூவெல்லி ஹவாய்ப் பெருந்தீவின் ஓடைக் கரைகளில் மட்டும். நாற்றுகளை ஒரே இடத்தில் வளர்த்துப் பார்த்தாலும் ரோமமுள்ளது ரோமத்தோடுதான் வளர்கிறது. அதாவது வெறும் வெயில் மழையால் வந்த மாற்றம் இல்லை.

அப்ப ஏன் அந்த எட்டையும் தனித்தனி இனம்னு சொல்லக் கூடாது?

சொல்பவர்கள் சொல்லலாம், வகைப்பாட்டில் இது கருத்துக்கு இடமுள்ள பகுதி. இரண்டு வகைகள் சந்திக்கும் இடத்தில் கலந்து இடைப்பட்ட மரங்கள் வருகின்றன. அதே சமயம், சில வகைகளைக் கலந்து வளர்த்த ஆய்வுகளில் கலப்பு நாற்றுகளின் இனப்பெருக்கத் திறன் குறைந்திருக்கிறது. பிரிந்துகொண்டிருக்கிறது, இன்னும் பிரிந்து முடியவில்லை என்ற நிலை.

என் பார்வையில், வகை என்ற அளவில் நிறுத்தியதே நேர்மையான முடிவு. இனம் என்று அறிவித்துவிட்டால் இடைப்பட்ட மரங்களுக்கு என்ன எழுதுவது? 1917-ல் ஜோசப் ராக் இந்த மரங்களை மிக நுணுக்கமாகப் பல வகைகளாகவும் உருவங்களாகவும் பிரித்துப் பார்த்தார். உழைப்பு அபாரம். ஆனால் அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் பாதி மரங்கள் இரண்டு பெயருக்கு நடுவில்தான் நிற்கும்.

மஞ்சள் பூ பூக்குற லெஹுவா தனி இனமா? நர்சரில தனிப் பேர் சொல்றாங்க.

இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் ஒரே பாலிமார்ஃபாவில் வரும். மஞ்சளை ஹவாய் மக்கள் லெஹுவா மாமோ என்பார்கள். மேலே சொன்ன எட்டு வகைகளும் பூ நிறத்தை வைத்துப் பிரித்தவை அல்ல.

பழைய ஹவாய் உலர்தாவரத் தாள்ல கொலினான்னு எழுதியிருக்கு. தாஹிட்டி மரம் ஹவாய்க்கு வந்துச்சா?

காய வைத்த செடியை ஒட்டிப் பெயர் எழுதிவைக்கும் அந்தத் தாளில் இருப்பது ஹவாய் மரம்தான். ராக் அதைக் கொலினாவின் துணை இனமாக வைத்தார். அதைப் பின்பற்றி எழுதப்பட்ட தாள்கள் நிறைய. பின்னாள் வகைப்பாட்டில் பாலிமார்ஃபா மீண்டும் தனி இனமானது. ஆகவே பழைய பதிவுகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

ஆனால் ராக் பார்த்த ஒற்றுமை பொய் இல்லை. 2000-ஐ ஒட்டி ஷேன் ரைட்டும் டாசன் உள்ளிட்டோரும் செய்த டி.என்.ஏ. ஆய்வுகள், ஹவாய் மரங்களின் முன்னோர் மார்க்கேசாஸ் தீவுகள் வழியாக வந்திருக்கலாம் என்று காட்டின. அங்கே இருப்பது கொலினாதான். நுண்விதை காற்றில் பூமத்தியரேகையைத் தாண்டியிருக்கிறது.

சிலி நாட்டு மரம் எப்படி பசிபிக் தீவுக் கூட்டத்துக்குள்ள வந்தது?

சிலியின் தெற்கிலும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவிலும் ஈரமான இடங்களில் தெப்பு என்ற குறுமரம் உண்டு. ஜோசப் ஹூக்கர் அதை மெட்ரோசிடெரோஸில்தான் வைத்தார். பிறகு 1854-ல் கிரிசெபாக் அதற்கென்று டெப்புவாலியா என்ற தனிப் பேரினம் உண்டாக்க, ஒற்றை இனத்தோடு அது நூற்றாண்டுக்கு மேல் தனியாகவே இருந்தது. இதே மாதிரி நியூ கலிடோனியாவின் சில மரங்களை டாசன் கார்ப்போலெப்பிஸ் என்று பிரித்தார்.

2015-ல் யோஹான் பியோன் குழுவினர் உட்கரு மரபணுக்களை ஒப்பிட்டபோது, இந்த இரண்டுமே மெட்ரோசிடெரோஸ் கிளைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தன. அப்போது இரண்டே வழி: இவற்றை உள்ளே சேர்ப்பது, அல்லது மெட்ரோசிடெரோஸைப் பல துண்டுகளாக உடைப்பது. உடைத்தால், வகைமாதிரி தாஹிட்டி மரம் என்பதால், ஓஹியாவும் போஹுட்டுகாவாவும் பெயரைத் தக்கவைத்துக்கொள்ளும். ராட்டாக் கொடிகளில் பலவும் நியூ கலிடோனிய இனங்கள் பலவும் வேறு பெயர் தேட வேண்டும். அவர்கள் சேர்த்தார்கள். அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. மாறும் பெயர்கள் குறைவு, தெப்புவுக்கு ஹூக்கர் வைத்த பழைய பெயரே திரும்பக் கிடைத்தது.

டி.என்.ஏ. பார்த்தா எல்லாக் குழப்பமும் தீர்ந்துடுமே, இன்னும் என்ன சண்டை?

பேரின அளவில் பெரிதும் தீர்ந்தது. மேலே பார்த்தது அதற்கு உதாரணம். இன அளவில், அதுவும் ஹவாயில், அப்படித் தீரவில்லை. பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. ஒரு கதை சொல்கிறது, உட்கருவின் டி.என்.ஏ. இன்னொன்று. ஒரே தீவில் இருக்கும் வெவ்வேறு வகை மரங்கள், பசுங்கணிகத்தில் ஒன்றுபோல் இருப்பதுண்டு. 2021-ல் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, வகைகளைப் பிரிக்கும் மரபணு வேறுபாடுகள் பல, அந்த வகைகள் தோன்றுவதற்கு முன்பே முன்னோரிடம் இருந்தவை என்று காட்டியது. கிளை மரமாக வரைய வேண்டிய படம் வலை மாதிரி வந்தால் எந்த இடத்தில் கோடு போடுவது என்பது மறுபடியும் மனிதர்களின் முடிவுதான்.

நர்சரில வாங்கின போஹுட்டுகாவா இலை வடக்கு ராட்டா மாதிரியும் இருக்கு. எந்தப் பேரை எழுதறது?

கலப்பாக இருக்கலாம். இரண்டும் இயற்கையிலேயே கலக்கும். ஆக்லாந்து நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரங்கிடோட்டோ எரிமலைத் தீவில் இந்தக் கலப்பு மரங்கள் ஏராளம். அதற்கும் ஒரு பெயர் உண்டு: மெட்ரோசிடெரோஸ் × சப்டோமென்டோசா. நடுவில் இருக்கும் பெருக்கல் குறி கலப்பினம் என்பதற்கான அடையாளம். படிக்கும்போது விட்டுவிடலாம், எழுதும்போது விடக்கூடாது.

தோட்டங்களில் கெர்மடெக் தீவு இனமும் போஹுட்டுகாவா என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. இலை சிறிதாக, வட்டமாக இருந்து, வருஷத்தில் பல முறை பூத்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

இனிமேலும் புது இனம் கிடைக்குமா? எல்லாம் கண்டுபிடிச்சாச்சுன்னுதானே நினைக்கிறோம்?

நியூசிலாந்து போல அலசிப் பார்த்த நாட்டிலேயே கிடைத்தது. 1975-ல் ஜான் பார்ட்லெட் என்பவர், வடக்கு முனையில் ஒரு சிறு காட்டில், வெளிறிய, உரிந்து வரும் பட்டையும் சிறிய வெள்ளைப் பூவும் கொண்ட மரம் ஒன்றைக் கண்டார். டாசன் 1985-ல் அதற்கு மெட்ரோசிடெரோஸ் பார்ட்லெட்டி என்று பெயரிட்டார். ஓங்கி வளர்ந்த மரம், கண்ணுக்கு முன்னால், அத்தனை நாள் பெயரில்லாமல் நின்றிருக்கிறது. காட்டில் மிஞ்சியிருக்கும் முதிர்ந்த மரங்கள் மிகச் சில.

மரம் செத்துக்கிட்டு இருக்கு, நீங்க பேரைப் பத்திப் பேசறீங்களேன்னு ஒருத்தர் கேட்டார். என்ன சொல்வீங்க?

அவர் கோபம் நியாயம்தான். ஆனால் மரத்தைக் கொல்லும் நோயின் கதையிலும் பெயர் இருக்கிறது. ஹவாயில் ஓஹியா மரங்கள் திடீரென்று இலை கருகிச் சாக ஆரம்பித்தபோது, காரணமான பூஞ்சை உலகெங்கும் ஏற்கெனவே தெரிந்த செரட்டோசிஸ்டிஸ் ஃபிம்ப்ரியேட்டா என்றுதான் முதலில் கருதினார்கள். 2018-ல் அது ஒன்றல்ல, இரண்டு தனி இனங்கள் என்று தெரிந்து லுகுஓஹியா, ஹுலிஓஹியா என்று பெயரிட்டார்கள். முதலாவது மரத்தின் நீர்க்குழாய்களில் வேகமாகப் பரவிக் கொல்லும்; இரண்டாவது மெதுவானது. பரிசோதனையில் எது என்று தெரிந்தால்தான் எந்த மரத்தை உடனே வெட்டுவது என்று முடிவெடுக்க முடியும்.

இன்னொரு நோயான மிர்ட்டில் துருவும் அப்படித்தான். 1884-ல் பிரேசிலில் கொய்யாவில் கண்டு பக்சீனியா சிடியை என்று பெயரிட்ட பூஞ்சை அது. 2005-ல் ஹவாய்க்கும் 2017-ல் நியூசிலாந்துக்கும் வந்தது. அதே 2017-ல் அதன் பேரினப் பெயர் ஆஸ்ட்ரோபக்சீனியா என்று மாறியது. பழைய பெயரில் மட்டும் தேடினால் புதிய எச்சரிக்கைகள் கண்ணில் படாமல் போகும், இரண்டிலும் தேடுங்கள். ஹவாய்ப் பெருந்தீவிலிருந்து ஓஹியாவின் கிளையோ பூவோ மண்ணோ மற்றத் தீவுகளுக்கு அனுமதியின்றி எடுத்துப்போக 2015 முதல் தடை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் காட்டுக்குள் நுழையும் முன்பும் வெளியே வந்த பின்பும் செருப்படி மண்ணைத் தட்டி, ஆல்கஹால் தெளித்துவிட்டு நடக்க வேண்டும்.